எண்ணிக்கையா, எடையா? சுட்ட தோட்டாவின் கதை

என்.சி.சி.யில் இருந்தபோது முதன்முறையாக ஃபயரிங்குக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஐந்து ரவுண்டு. பாயின்ட் 22 ரைஃபிள், குப்புறப் படுத்துச் சுட வேண்டும். சுட்டு முடித்ததும் டிபன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று இருந்தோம். ஹவில்தார் ஒரு தகர டப்பாவை நடுவில் வைத்து, "கோக்கா எல்லாம் இதுல போடு" என்றார். கோக்கா என்றால் சுட்டபின் துப்பாக்கியிலிருந்து வெளியே விழும் காலிப் பித்தளைக் குப்பி. இந்திச் சொல். ராணுவத்திலும் போலீஸிலும் அதுதான் புழக்கம். போட்டோம். எண்ணினார். ஒன்று குறைந்தது.

அந்த ஒன்றுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் புல்லைத் துழாவினோம். கடைசியில் எனக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டவனின் மடித்துவிட்ட சட்டைக் கையில் இருந்தது. சுண்டுவிரலில் முக்கால் பாகம்கூடப் பருமன் இல்லாத ஒரு பித்தளைத் துணுக்கு. டிபன் ஆறிப்போனது.

இதை வியாசர்பாடியில் காயலான் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் சொன்னேன். "எண்ணுனாங்களா? பித்தளைய யாராவது எண்ணுவாங்களா? நிறுக்கணும்டா" என்று சிரித்தார். அவர் கடைக்கு வருவதெல்லாம் எடைதான். உடைந்த குழாய், பம்ப் ஸ்டவ் பர்னர், காசிமேட்டிலிருந்து வரும் போட் சாமான், கால் போன குத்துவிளக்கு. எதற்கும் தனி மரியாதை கிடையாது. தராசில் ஏறினால் எல்லாம் பித்தளை.

சுட்ட தோட்டாவைப் பற்றிய விஷயம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. உலகத்தின் சில இடங்களில் அதை எண்ணி விற்கிறார்கள், சில இடங்களில் நிறுத்து விற்கிறார்கள். அமெரிக்கக்காரர்கள் ராணுவத்தின் பழைய தோட்டாக் குப்பிகளை வாளி வாளியாக வாங்கி, திரும்ப மருந்து நிரப்பிச் சுடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இதை நம்ம ஊர்ல செய்ய முடியாதா அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் எல்லாமே நமக்குக் குண்டுதான். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மேல் போட்டதும் குண்டு, போலீஸ்காரர் இடுப்புத் துப்பாக்கியில் இருப்பதும் குண்டு, கடையில் வாங்கும் பல்பும் குண்டு பல்பு. இங்கே அப்படிக் கலந்தால் ஒன்றும் புரியாது. முழுசாக இருப்பது தோட்டா. அதில் நான்கு பாகம் உண்டு. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கூரான உலோகம்தான் குண்டு. பறந்துபோய்ப் பாய்வது அது. அதைக் கவ்விப் பிடித்திருக்கும் பித்தளைக் குழல் குப்பி. குப்பிக்குள்ளே மருந்து. குப்பியின் அடியில், நடு மையத்தில், சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சின்ன வட்டம், அது பிரைமர். தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் சுத்தியலால் தட்டும் பொட்டு வெடி இருக்கிறதே, அதே தத்துவம்தான். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தும், அது பொறி விடும், மருந்து எரியும், குண்டு பறக்கும்.

மருந்து என்றதும் கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடியை நினைக்க வேண்டாம். அது பழைய கதை. நீலகிரியில் அருவங்காட்டில் இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் கார்டைட் ஃபாக்டரி என்று பெயர். கார்டைட் என்பது நீள நீளமாக இழை இழையாக இருக்கும் மருந்து. பழைய த்ரீ நாட் த்ரீ (.303) ராணுவ ரைஃபிளின் தோட்டாவுக்குள் அதைத்தான் கட்டுக் கட்டாகச் செருகியிருப்பார்கள், பார்க்கச் சேமியா போல.

சரி, சுட்டாகிவிட்டது. குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, பிரைமர் செத்துவிட்டது. நான்கில் ஒன்று மட்டும் அப்படியே சுட்டவன் காலடியில் கிடக்கிறது. குப்பி. ஒரு தோட்டாவைச் செய்ய ஆகும் செலவில் பெரும்பங்கு இந்தக் குப்பிக்குத்தான். கோலி சோடாவோடு வைத்துப் பாருங்கள். சோடா குடித்து முடித்தபின் பாட்டிலைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்கிறார், ஏனென்றால் பாட்டில்தான் முதல். தண்ணீரும் கேஸும் திரும்ப அடைத்துக்கொள்ளலாம். குப்பியும் அப்படித்தான். புதுப் பிரைமர், புது மருந்து, புதுக் குண்டு வைத்தால் பழைய குப்பி மறுபடி தோட்டா ஆகிவிடும். இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். சொல்லப்போனால் எங்கள் என்.சி.சி. கோக்காவுக்கு இந்தப் பாக்கியம்கூட இல்லை. பாயின்ட் 22 தோட்டாவில் பொட்டு வெடி மருந்து தனியாக இல்லாமல் அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஒருமுறை நசுங்கினால் முடிந்தது.

ஏன் பித்தளை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ராணுவ ரைஃபிள் தோட்டா வெடிக்கும் நொடியில் குப்பிக்குள் ஏறும் அழுத்தம் ஏறக்குறைய 60,000 பி.எஸ்.ஐ. நம் டூவீலர் டயரில் முப்பது சொச்சம் வைக்கிறோம். அந்த அழுத்தத்தில் குப்பி பலூன் மாதிரி விரிந்து, துப்பாக்கிக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சூடான வாயு பின்பக்கம் கசிந்து சுடுபவன் முகத்தில் அடிக்காது. அடுத்த நொடியே கொஞ்சம் சுருங்கிச் சுவரை விட்டு விலகவும் வேண்டும். இல்லையென்றால் வெளியே இழுக்க வராது. விரியவும் வேண்டும், பழைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும். இந்த இரண்டு குணமும் ஒத்து வரும் உலோகம் பித்தளை. அதிலும் எல்லாப் பித்தளையும் அல்ல. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கே தோட்டாப் பித்தளை என்று பெயர் வந்துவிட்டது. பானை, குழாய்க்கு வார்க்கும் பித்தளையில் துத்தநாகம் பொதுவாக இதைவிடக் கூடுதல். சித்தப்பா கண்ணுக்கு அது நிறத்திலேயே தெரியும். "கொஞ்சம் செவப்பு தட்டும் பாரு" என்பார். அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து வெயிலில் காட்டினால் எனக்கும் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

பித்தளைக்கு இன்னொரு குணம் உண்டு. அடிக்க அடிக்க இறுகும். பாத்திரம் அடிப்பவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொஞ்ச நேரம் சுத்தியலால் தட்டுவார்கள், அப்புறம் நெருப்பில் காட்டுவார்கள், மறுபடி தட்டுவார்கள். காட்டாமல் தட்டிக்கொண்டே இருந்தால் விளிம்பில் விரிசல் விட்டுவிடும். குப்பிக்கும் இதே விதி. ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிகிறது, திரும்பச் சரியான அளவுக்கு நசுக்கும்போது சுருங்குகிறது. நாலைந்து முறை இப்படி ஆனால் கழுத்து இறுகி, வெடித்துவிடும். தொழிற்சாலையில் குழலை நசுக்கிக் கழுத்தாக்கும்போதும் இதே இறுக்கம் வரும். அதனால்தான் அங்கேயே கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்கி அனுப்புகிறார்கள். ராணுவத் தோட்டாவைக் கையில் எடுத்தால் கழுத்துப் பக்கம் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரியும். அழுக்கு இல்லை, அது தீ பட்ட தடம். கடையில் விற்கும் தோட்டாவில் பார்வைக்கு நன்றாக இருக்க அதை மெருகு போட்டு எடுத்துவிடுவது உண்டு. ராணுவத்தில் எடுப்பதில்லை, காய்ச்சியாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தப் பித்தளை விஷயத்தில் நம் நாட்டுக்கே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில், மழை மாதங்களில் குதிரை லாயங்களில் பத்திரப்படுத்திய தோட்டாக்கள் யாரும் தொடாமலே கழுத்தில் விரிசல் விட்டன. மழைக்காலத்தில் வந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். குற்றவாளி மழை இல்லை, குதிரை. மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்து, ஏற்கனவே இறுகிப்போன பித்தளையைப் பிளந்திருக்கின்றன. விளக்கம் கிடைக்க 1921 வரை ஆனது. கழுத்தைக் காய்ச்சுவது இதற்கும் சேர்த்துத்தான் மருந்து. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் பித்தளைக் குடத்தைப் போட்டுவைத்து வெடிப்பு விட்டதைப் பார்த்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ராணுவக் குப்பி என்றால் என்ன விசேஷம்

ரீலோடிங் செய்பவர்கள் ராணுவக் குப்பியைத் தேடிப் போவதற்குக் காரணம் எளிது. ராணுவம் ஒருமுறைதான் சுடும், திரும்ப நிரப்பாது. ஆக, கிடைக்கும் குப்பி ஒரேயொரு வெடிப்பைத்தான் பார்த்திருக்கிறது. அளவும் ஒரே மாதிரி, ஆண்டும் தொழிற்சாலையும் அடியில் பொறித்திருக்கும். நம் நாட்டுத் தோட்டாவின் அடியில் கே.எஃப். என்று இருந்தால் புனே பக்கத்துக் கட்கி, ஓ.எஃப்.வி. என்று இருந்தால் மகாராஷ்டிரத்திலேயே இருக்கும் வரண்காவ். நேட்டோ தரத்துக்குச் செய்ததென்றால் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருக்கும். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி, ஊரும் பேரும் அழியாது.

ஆனால் இலவச இணைப்பாகச் சில தொல்லைகளும் வரும். இயந்திரத் துப்பாக்கி அதிர்வில் பிரைமர் கழன்று விழாமல் இருக்க, அதைச் சுற்றிப் பித்தளையை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். பழைய பிரைமரைத் தள்ளியபின் அந்த உதட்டைச் செதுக்கி எடுக்காமல் புதியது உள்ளே போகாது. அடுத்து சுவரின் தடிப்பு. 7.62 மி.மீ. அளவு நேட்டோ ராணுவக் குப்பியும் கடைகளில் விற்கும் 308 வின்செஸ்டர் குப்பியும் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. ராணுவக் குப்பிக்குச் சுவர் பொதுவாகத் தடிமன், அதனால் உள்ளே இடம் குறைவு. தம்பிக்குப் போடும் மருந்தை அப்படியே அண்ணனுக்குப் போட்டால் அழுத்தம் எகிறிவிடும். பழகியவர்களே இதில் பயப்படுவார்கள்.

இயந்திரத் துப்பாக்கியில் சுட்டதென்றால் இன்னும் சந்தேகம் வேண்டும். அதில் தோட்டா உட்காரும் அறை சற்றுத் தளர்வாக இருப்பதால் குப்பி அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். அடியிலிருந்து அரை விரற்கடை உயரத்தில், சுற்றி ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் சுவர் உள்ளே மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை அது இரண்டாகப் பிரியும். நுனியை வளைத்த ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடிப் பார்ப்பார்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்த சங்கதி பிரைமரில் இருக்கிறது. 1860-களில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிரைமர் செய்தார்கள். எட்வர்ட் பாக்ஸர் ஆங்கிலேயர். அவர் முறையில் குப்பியின் அடியில் நடுவில் ஒரே ஒரு துளை. ஹைரம் பெர்டான் அமெரிக்கர்; அவர் முறையில் நடுவில் ஒரு சின்ன மேடு, இருபக்கமும் இரண்டு குட்டித் துளைகள். ஒரு துளை இருந்தால் மேலிருந்து ஊசி விட்டுப் பழைய பிரைமரைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். இரண்டு துளை என்றால் நேரே விடும் ஊசி மேட்டில் முட்டி நிற்கும். கூத்து என்னவென்றால், அமெரிக்கர்கள் ஆங்கிலேயர் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் மற்ற பல ராணுவங்களிலும் அமெரிக்கர் முறை ஊன்றிவிட்டது. அமெரிக்காவில் ரீலோடிங் வீட்டுக் கைத்தொழில் மாதிரி பரவியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

இன்னும் பழைய தோட்டாக்களில் பாதரசம் கலந்த பிரைமர் இருந்தது. அது ஒருமுறை வெடித்தாலே பாதரசம் பித்தளைக்குள் ஊறி, குப்பி அப்பளம் மாதிரி நொறுங்கும். அப்புறம் இரும்புக் குப்பிகள் இருக்கின்றன. ரஷ்யப் பாணித் தோட்டாக்களில் மேலே அரக்குப் பூசிப் பச்சையாகவோ சாம்பலாகவோ இருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், சித்தப்பா கல்லாவில் கிடக்கும் காந்தம் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 7.62 குப்பி ஒன்று ஏறத்தாழ 12 கிராம், அதைவிடச் சின்ன ராணுவ அளவான 5.56 குப்பி அதில் பாதி. அதாவது கிலோவுக்கு முன்னது 85, பின்னது 160 என்ற அளவில் நிற்கும். எடைக்குப் போட்டால் ஒரு குப்பியின் விலை சில்லறைக் காசு. குப்பியாகவே பயன்படும் ஊரில் விலை குப்பியின் உருவத்துக்கு. உருவம் போனால் விலையும் போச்சு. 2009 மார்ச்சில் அமெரிக்க ராணுவம், சுட்ட குப்பிகளை இனி நசுக்கித் துண்டாக்கித்தான் விற்போம் என்று அறிவித்தபோது அங்கே இதனால்தான் கொந்தளிப்பு வந்தது. உலோகத்தில் ஒரு கிராம்கூடக் குறையப்போவதில்லை. ஆனால் ரீலோடிங் தொழில் செய்பவர்களுக்கு மூலப்பொருளே இல்லாமல் போகும், அரசுக்கும் வருமானம் குறையும். மான்டானா மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், மேக்ஸ் பாக்கஸும் ஜான் டெஸ்டரும், எதிர்த்துக் கடிதம் எழுத, சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

நம் ஊரில் ஏன் இல்லை

முதல் காரணம், வாங்க ஆள் இல்லை. ராணுவத் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தவே கூடாது என்பது வெள்ளைக்காரர் காலத்து ஏற்பாடு. அதனால்தான் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மேற்கு வங்கத்து இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 315 மாதிரி வேறு அளவுத் துப்பாக்கிகள் வந்தன. த்ரீ நாட் த்ரீயும் 7.62-ம் தடைசெய்யப்பட்ட அளவுகள். குப்பி கிடைத்தாலும் அதைப் போட்டுச் சுடத் துப்பாக்கி கிடையாது.

இரண்டாவது சட்டம். 1959-ன் ஆயுதச் சட்டம் தோட்டா என்று சொல்லும்போது அதன் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு ஆண்டிலிருந்து ஆயுள் வரை தண்டனை. வீட்டு மொட்டைமாடியில் ரீலோடிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சின்னப் பாகங்களுக்கு 45-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது, உண்மை. ஆனால் அது வழக்கு வந்தபின் வக்கீல் எடுத்துச் சொல்வதற்கு. பையில் போட்டுக்கொண்டு சுற்றுவதற்கு அல்ல. பெட்டியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் மாட்டி, எஃப்.ஐ.ஆர். ஆகி, உயர் நீதிமன்றம் வரை போன வழக்குகள் டெல்லியில் நிறைய.

மூன்றாவதுதான் ஹவில்தாரின் தகர டப்பா. அவர் எண்ணியது பித்தளைக்காக அல்ல. எத்தனை தோட்டா கொடுத்தோமோ அத்தனை கோக்கா திரும்பி வந்தால்தான் அத்தனையும் இங்கேயே சுடப்பட்டன என்று அர்த்தம். ஒரு கோக்கா குறைந்தால் ஒரு தோட்டா யார் சட்டைப்பையிலோ இருக்கலாம். அதாவது கோக்கா ஒரு ரசீது. கணக்கு முடிந்தபின் அது வெறும் உலோகம். அரசுத் துறைகளின் கழிவு உலோகம் ஏலத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம்தான். இந்த வழியில் வராத கோக்கா கடைக்கு வந்தால், கடைக்காரருக்குத் திருட்டுப் பொருள் வாங்கிய வழக்கும் வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குப் பிரிவு 317.

இதெல்லாம் தெரியாமல் ஒருநாள் ஒரு பையன் சித்தப்பா கடைக்கு வந்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் இடிக்கும் வீட்டிலிருந்து எடுத்ததாம். கோணிப்பையைக் கவிழ்த்தான். இரண்டு குழாய், கால் ஒடிந்த குத்துவிளக்கு, கூடவே துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பச்சை பிடித்த நீளமான குப்பிகள், அடியில் வெளியே துருத்திய விளிம்போடு. த்ரீ நாட் த்ரீ. நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: பிரைமரில் ஊசி குத்திய பள்ளம், மேலே வாய் திறந்து கிடந்தது. காலி. இரண்டாவதும் காலி. டப்பாவின் மூலையில் கிடந்த ஒன்றின் வாயில் மட்டும் குண்டு அப்படியே இருந்தது.

"கைய எடு" என்றார் சித்தப்பா. சத்தம்கூடப் போடவில்லை.

காயலான் கடையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 2004-ல் காசியாபாத் பக்கம் ஓர் இரும்பு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு வெடிக்காத பீரங்கிக் குண்டுகள் கலந்துவந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ரைஃபிள் தோட்டா அவ்வளவு பெரிதில்லை என்றாலும் உலையில் விழுந்தால் வெடிக்கத்தான் செய்யும். குண்டு இருக்கிறதா, பிரைமரில் குத்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுகூடக் கண்ணால் மட்டும் செய்ய வேண்டிய வேலை. குத்து விழுந்தும் குண்டு வெளியேறாமல் இருந்தால் அது இன்னும் மோசம், வெடிக்க மறுத்த தோட்டா. தட்டக் கூடாது, அறுக்கக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று கொட்டிப் பார்க்கக் கூடாது. வாய் மூடி நட்சத்திரம் மாதிரி மடிந்திருந்தால் காலி என்று நினைத்துவிடாதீர்கள். அரசு மரியாதையில் வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே, அந்த வெற்றுத் தோட்டா. அதில் குண்டு இல்லை, மருந்து உண்டு.

சித்தப்பா டப்பாவை நகர்த்தாமல், பக்கத்தில் யாரையும் விடாமல், ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பையன் முகம் வெளுத்துவிட்டது. "நீ ஒண்ணும் தப்பு பண்ணல தம்பி, ஒக்காரு, டீ சாப்புடு" என்றார். ஒரு மணி நேரம் கழித்து ஏட்டு வந்தார், கூட இன்னொருவரும். டப்பாவைப் பார்த்தார், வீடு எங்கே, யார் வீடு என்று பையனிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு குனிந்து எண்ண ஆரம்பித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"பத்து எம்ப்டி, ஒரு லைவ். மொத்தம் பதினொண்ணு. சரியா?"

"சரி சார்" என்று சித்தப்பா கையெழுத்துப் போட்டார். எடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் போனபின், குழாய் இரண்டையும் குத்துவிளக்கையும் தராசில் வைத்து, பையனுக்குக் காசு எண்ணிக் கொடுத்தார்.